கை கழுவ 16 மணி நேரம்

நியூயார்க் நகரை ஒட்டிய லாங் ஐலண்டில் நார்த் ஷோர் பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிறது. 2008-ல் அதன் தீவிர சிகிச்சைப் பிரிவான ஐசியூவில் விநோதமான ஓர் ஏற்பாட்டைச் செய்தார்கள். நோயாளிகளின் அறை வாசல்களில் அசைவை உணரும் கருவிகளைப் பொருத்தினார்கள். வாஷ்பேசினையும் சானிடைசர் பெட்டியையும் பார்த்தபடி கேமராக்கள் மாட்டப்பட்டன. யாராவது அறைக்குள் நுழைந்தால், அல்லது வெளியே வந்தால், அந்தக் காட்சி பதிவாகிக் கடல் தாண்டி இந்தியாவுக்கு வந்து சேரும். இங்கே கணினித் திரை முன் உட்கார்ந்திருக்கும் ஊழியர்கள், டாக்டரோ நர்ஸோ 10 விநாடிக்குள் கையைச் சுத்தம் செய்தாரா இல்லையா என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். நம் ஊர் இளைஞர்களுக்கு உலகம் என்னென்னவோ வேலைகளைக் கொடுத்திருக்கிறது. அமெரிக்க டாக்டரின் கையை வேவு பார்ப்பது அதில் ஒன்று.

முதல் 16 வாரங்களுக்கு எண்ணிக்கை மட்டும் நடந்தது. முடிவை மருத்துவமனை ஊழியர்களுக்குச் சொல்லவில்லை. கை சுத்தம் செய்திருக்க வேண்டிய தருணங்கள் 60,542. உண்மையில் செய்தது 3,933 முறை. அதாவது 6.5 சதவீதம்.

இந்த எண்ணைப் படித்தவுடன் நமக்குக் கோபம் வருகிறது. உயிருக்குப் போராடுபவர்கள் படுத்திருக்கும் இடத்தில் படித்தவர்கள் இப்படி நடந்துகொள்ளலாமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் கிருமி எப்படிப் பரவுகிறது என்பதை அந்த டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நோயாளி மீது அக்கறை இல்லாதவர்கள் ஐசியூ வேலையில் அதிக நாள் தாக்குப்பிடிப்பதும் இல்லை. அறிவு இருக்கிறது, அக்கறை இருக்கிறது, கை மட்டும் கழுவப்படவில்லை. கடந்த 30 ஆண்டுகளாக மருத்துவ உலகம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளும் புதிர் இது.

முதலில் கையில் என்னதான் ஒட்டுகிறது என்று பார்த்துவிடுவோம். தோலில் இரண்டு வகை நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. ஆழத்தில், ரோமக்கால்களின் அடியில் நிரந்தரமாகக் குடியிருப்பவை ஒரு வகை. இவற்றால் பெரும்பாலும் தொல்லை இல்லை. என்ன தேய்த்தாலும் முழுதாகப் போவதும் இல்லை. மேல்தோலில் வந்து ஒட்டி, சற்று நேரம் தங்கிவிட்டு அடுத்த இடத்துக்குப் போகிற வழிப்போக்கர்கள் இன்னொரு வகை. மருத்துவமனையில் ஆபத்தானவை இந்த வழிப்போக்கர்கள்தான். சுலபமாக ஒட்டுவதைப் போலவே சுலபமாகப் போய்விடுவதும் இவைதான்.

1977-ல் லண்டனில் கேஸ்வெல், பிலிப்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ்களின் கைகளைச் சோதித்தார்கள். கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா அங்கே ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குத் தாவிக்கொண்டிருந்தது. மலம், சீழ் போன்றவற்றைத் தொட்ட கையில் கிருமி இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அவர்கள் கண்டது வேறு. நாடி பிடித்துப் பார்ப்பது, ரத்த அழுத்தம் எடுப்பது, நோயாளியைத் தூக்கி உட்காரவைப்பது போன்ற, யாரும் அசுத்தம் என்று நினைக்காத வேலைகளிலேயே கையில் 100 முதல் 1,000 வரை கிளெப்சியெல்லா ஒட்டிக்கொண்டது. கழுவாவிட்டால் அவை இரண்டு மணி நேரத்துக்கு மேலும் உயிரோடு இருந்தன. பின்னாளில் ஜெனீவாவில் நடந்த அளவீடு இதற்கு ஒரு வேகக் கணக்கையே கொடுத்தது. கையுறை போடாத கையில், நோயாளியைக் கவனிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் சராசரியாக 16 பாக்டீரியா கூட்டங்கள் கூடிக்கொண்டே போகின்றன.

சாதாரண வார்டில் இது அவ்வளவு பெரிய விஷயமாக இல்லாமல் போகலாம். ஐசியூவில் அப்படி இல்லை. கழுத்துச் சிரை வழியாக இதயத்தின் வாசல்வரை போகும் சென்ட்ரல் லைன், மூச்சுக்குழாயில் வென்டிலேட்டர் குழாய், சிறுநீர்ப்பையில் கதீட்டர் என்று உடலின் எல்லாக் காவல் கதவுகளையும் நாமே திறந்து வைத்திருக்கிறோம். வீரியமான ஆன்டிபயாடிக்குகள் ஏற்கெனவே சாதாரணக் கிருமிகளை ஒழித்துவிட்டதால், மருந்துக்கு மசியாத அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா போன்றவை போட்டியில்லாமல் வளர்கின்றன. அவற்றுக்குக் கால் இல்லை, இறக்கை இல்லை. 4-ம் படுக்கையிலிருந்து 5-ம் படுக்கைக்குப் போக அவற்றுக்குக் கிடைக்கும் முக்கிய வாகனம் நம் கைதான்.

இந்த இடத்தில் ஹங்கேரிக்காரரான செம்மல்வைஸின் பெயர் வந்தாக வேண்டும். வியன்னா பொது மருத்துவமனையில் 1847 மே மாதம், பிரேதப் பரிசோதனை முடித்துவிட்டுப் பிரசவ வார்டுக்கு வரும் மருத்துவர்களும் மாணவர்களும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவியே தீர வேண்டும் என்றார். ஏப்ரலில் நூறு தாய்மாரில் 18 பேர் இறந்துகொண்டிருந்த பிரிவில், ஜூன் மாதம் அது 2 ஆகக் குறைந்தது. அவரைப் பெரும்பாலானவர்கள் நம்பவில்லை. 1865-ல் மனநல விடுதியில் இறந்தார். எல்லோருக்கும் தெரிந்த கதை. மருத்துவர்களின் ஆணவத்துக்கு எடுத்துக்காட்டாகவே இதைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் ஒரு தவறான எண்ணமும் நமக்குள் புகுந்துவிட்டது. உண்மையை ஒப்புக்கொண்டால் போதும், கை தானாகச் சுத்தமாகிவிடும் என்ற எண்ணம். செம்மல்வைஸை இன்று மறுப்பவர் யாரும் இல்லை. கை மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

புதிரின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியவர் ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையின் தொற்றுநோய் நிபுணர் டிடியே பித்தே. 1994-ல் அவருடைய குழுவினர் வார்டு வார்டாகப் போய், குறிப்பேடும் பென்சிலுமாக நின்று எண்ணினார்கள். கை சுத்தம் செய்ய வேண்டிய 2,834 தருணங்களில், செய்தது 48 சதவீதம். நர்ஸ்கள் 52, டாக்டர்கள் 30. இதைவிட முக்கியமான தகவல் அந்தப் பட்டியலின் உள்ளே இருந்தது. மருத்துவமனையிலேயே அதிக ஆபத்து உள்ள ஐசியூவில்தான் கடைப்பிடிப்பு மிகக் குறைவு: 36 சதவீதம். வேலை நெருக்கடி ஏற ஏற அது இறங்கியது. வேலை குறைவான சனி, ஞாயிறில் கூடியது. சனிக்கிழமை வந்தால் மனிதனின் மனசாட்சி திடீரென்று விழித்துக்கொள்ளுமா என்ன? கையில் கொஞ்சம் நேரம் இருந்தது, அவ்வளவுதான்.

நேரக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். ஐசியூ நர்ஸ் ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்கள் சராசரியாக 20 வரும். படுக்கையை விட்டு நகர்ந்து, வாஷ்பேசின்வரை நடந்து, சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத் திரும்பி வர ஏறத்தாழ 62 விநாடி ஆகிறது என்று ஒரு ஐசியூவில் கடிகாரம் வைத்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 20 தடவை என்றால் 20 நிமிடம். மணிக்கு மூன்றில் ஒரு பங்கு! 1997-ல் ஆண்ட்ரியாஸ் வோஸ், ஆண்ட்ரியாஸ் விட்மர் என்ற இரு நிபுணர்கள் இந்தக் கணக்கை ஒரு முழு ஐசியூவுக்கு நீட்டினார்கள். பகல் ஷிப்டில் 12 பேர் வேலை செய்கிறார்கள். விதிப்படி ஒரு தடவைகூட விடாமல் எல்லோரும் சோப்பு போட்டுக் கழுவினால், அந்த ஒரு ஷிப்டில் 16 மணி நேர நர்ஸ் உழைப்பு வாஷ்பேசின் முன்னாலேயே போய்விடும். இரண்டு பேருடைய முழு நாள் வேலை. அந்த இரண்டு பேரை எந்த மருத்துவமனையும் கூடுதலாக நியமித்ததில்லை. ஆக, நாம் போட்ட விதி நிறைவேற்ற முடியாத விதி. அதை மீறியவர்களைத் திட்டிக்கொண்டே நூறாண்டுக்கு மேல் ஓட்டிவிட்டோம்.

இதே வேலையைப் படுக்கையோரத்தில் வைத்த ஆல்கஹால் கரைசலால் செய்தால் 16 மணி நேரம் 3 மணி நேரமாகக் குறையும் என்பது அந்தக் கணக்கின் மறுபாதி. பித்தே அதைத்தான் செய்தார். எல்லாக் கட்டில்களிலும் கரைசல் புட்டிக்கு ஒரு தாங்கி. கோட்டுப் பையில் வைத்துக்கொள்ள ஆளுக்கு ஒரு சிறு புட்டி. சுவரெங்கும் ஊழியர்களே யோசனை சொல்லி வரையப்பட்ட கார்ட்டூன் சுவரொட்டிகள். ஆண்டுக்கு இரண்டு முறை எண்ணிக்கை, அதன் முடிவு எல்லோருக்கும் தெரியும்படி அறிவிப்பு. 1994-ல் 48 சதவீதமாக இருந்த கடைப்பிடிப்பு 1997-ல் 66 ஆனது. மருத்துவமனைக்கு வந்தபின் தொற்றிய நோய் நூறு நோயாளிகளில் ஏறத்தாழ 17 பேருக்கு இருந்தது, 1998-ல் 10-க்குக் கீழே வந்தது. கரைசலின் பயன்பாடு நான்கு மடங்குக்கும் மேல் கூடியது. சோப்பு போட்டுக் கழுவுவது மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கூடிய அளவு முழுவதும் புட்டியிலிருந்து வந்தது. 2000-ல் லான்செட் இதழில் வந்த இந்த ஆய்வை உலகமே எடுத்துக்கொண்டது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மருத்துவமனை இல்லாத, முன்னும் பின்னும் மட்டும் அளந்த ஆய்வு என்பதால், தொற்று குறைந்ததன் முழுப் பெருமையையும் புட்டிக்கே கொடுத்துவிட முடியாது. வேறு தடுப்பு முயற்சிகளும் கூடவே நடந்தன. ஆனால் கைகள் மாறின என்பதில் சந்தேகம் இல்லை. நர்ஸ்களின் கைகள் என்று திருத்திச் சொல்ல வேண்டும். டாக்டர்களின் எண் ஏறக்குறைய அசையவே இல்லை.

அந்தப் புட்டிக்குள் என்ன இருக்கிறது? உலக சுகாதார நிறுவனம் பிற்பாடு காப்புரிமை இல்லாமல் எல்லா நாடுகளுக்கும் கொடுத்த செய்முறையில் எத்தனால் 80 சதவீதம், கிளிசரால் 1.45 சதவீதம், ஹைட்ரஜன் பெராக்சைடு 0.125 சதவீதம், மீதி தண்ணீர். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் இறுகுவதுபோல் கிருமியின் புரதங்கள் ஆல்கஹாலில் உருக்குலைந்துபோகின்றன. இந்த வேலைக்குத் தண்ணீரும் வேண்டும் என்பதுதான் வேடிக்கை. அதனால்தான் சுத்தமான ஆல்கஹாலைவிட 60 முதல் 80 சதவீதக் கரைசல் வீரியமானது. ஹைட்ரஜன் பெராக்சைடு கைக்காகச் சேர்ப்பதல்ல. தயாரிக்கும்போது புட்டிக்குள் புகுந்துவிடக்கூடிய பாக்டீரிய வித்துகளை அழிக்க. கிளிசரால் தோலுக்காக. இதில் பலருக்கும் ஒரு தவறான கருத்து உண்டு: ஆல்கஹால் எரிகிறது, அதனால் அது தோலைக் கெடுக்கிறது என்பார்கள். உண்மையில் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை சோப்பு போடுவதுதான் தோலின் எண்ணெய்ப் பசையை உரித்தெடுக்கிறது. அப்படி வெடித்த தோலில் பட்டால் ஆல்கஹால் சுரீரென்று எரியும். பழி அதன் மேல் விழுகிறது.

எல்லாவற்றுக்கும் அது போதும் என்றும் இல்லை. கையில் ரத்தமோ மலமோ கண்ணுக்குத் தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான். கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசீல் என்ற பாக்டீரியாவின் வித்துகளை ஆல்கஹால் ஒன்றும் செய்யாது. தேய்த்துக் கழுவி அப்புறப்படுத்த வேண்டும். தேய்ப்பதிலும் ஒரு முறை உண்டு. உள்ளங்கை நிறைய எடுத்து, 20 முதல் 30 விநாடி, தானாகக் காயும்வரை. அவசரத்தில் விட்டுப்போகும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான்: கட்டைவிரலும் விரல் நுனிகளும். நோயாளியை அதிகம் தொடுவதும் அவைதான். மோதிரத்தின் அடியிலும் கடிகாரப் பட்டையின் அடியிலும் கரைசல் சேராது என்பதால் முழங்கைக்குக் கீழே பெரும்பாலும் எதுவும் கூடாது என்று பிரிட்டன் போன்ற நாடுகளில் விதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும், மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு. நாள் முழுக்க ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும் அந்த நூலைக் கழற்றச் சொல்லும் தைரியம் எத்தனை மேற்பார்வையாளர்களுக்கு உண்டு என்று தெரியவில்லை.

புட்டி பக்கத்திலேயே வந்துவிட்டது. எப்போது தேய்ப்பது? 2007-ல் பித்தேயும் ஹ்யூகோ சாக்ஸும் சேர்ந்து இதற்கு ஐந்து தருணங்களை வகுத்தார்கள். நோயாளியைத் தொடுவதற்கு முன். சுத்தமாகச் செய்ய வேண்டிய ஒரு வேலைக்கு முன். உடல் திரவங்கள் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின். நோயாளியைத் தொட்ட பின். அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். காகிதத்தில் எளிமையாகத்தான் இருக்கிறது. ஐசியூ கட்டிலுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் அதன் சிக்கல் தெரியும். சிஸ்டர் வந்து நோயாளியின் தோளைத் தொட்டுக் கூப்பிடுகிறார். அதற்கு முன் ஒரு தடவை. யூரின் பேக்கைக் காலி செய்கிறார். முடித்ததும் ஒரு தடவை. அதற்குள் மானிட்டர் கத்துகிறது, அதை அமுக்குகிறார். டிரிப்ஸ் தீர்ந்துவிட்டது. சென்ட்ரல் லைனில் மருந்து ஏற்ற வேண்டும், அதற்கு முன் ஒரு தடவை. பக்கத்துக் கட்டிலில் ஆக்சிஜன் அளவு சரிகிறது, ஓட வேண்டும். விட்டுப் போகும்போது ஒரு தடவை, அங்கே தொடும் முன் இன்னொரு தடவை என்று பார்த்தால், கட்டிலுக்குக் கட்டில் தாவும் அந்த மூன்று எட்டு தூரத்திலேயே ஒரு தேய்ப்பு நடந்தாக வேண்டும்.

இந்த ஐந்தில் பல நாடுகளிலும் ஒரே மாதிரி ஒரு கோணல் தெரிகிறது. ‘பின்’ வருபவை ஓரளவு நடக்கின்றன. ‘முன்’ வருபவை விட்டுப்போகின்றன. கையில் ஏதோ பட்டுவிட்டது என்ற அருவருப்பு நம்மைக் கழுவவைக்கிறது. நோயாளியின் உடம்புக்கு என் கை அசுத்தம் என்ற நினைப்பு அப்படி உள்ளிருந்து எழுவதில்லை. அருவருப்பு நம்மைக் காக்கவே உண்டானது; எதிரே படுத்திருப்பவரைக் காக்க அதற்கு வழி தெரியாது. கையுறை இதை இன்னும் மோசமாக்குகிறது. பிரிட்டனில் 15 மருத்துவமனைகளின் ஐசியூக்களிலும் முதியோர் வார்டுகளிலும் பார்த்தபோது, கையுறை இல்லாத நேரத்தில் 50 சதவீதமாக இருந்த கை சுத்தம், கையுறை போட்டபோது 41 ஆகக் குறைந்திருந்தது. கையுறை போட்டவருக்குத் தன் கை பத்திரம். அதே கையுறையோடு கணினி விசைப்பலகையையும் கட்டில் கம்பியையும் அடுத்த நோயாளியையும் தொடுவது ஐசியூக்களில் அன்றாடக் காட்சி.

அதே சமயம், மனிதர்கள் தங்களை மட்டும்தான் நினைப்பார்கள் என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. ஆடம் கிராண்ட், டேவிட் ஹாஃப்மன் என்ற உளவியலாளர்கள் ஓர் அமெரிக்க மருத்துவமனையில் கரைசல் பெட்டிகளின் மேல் இரண்டு விதமான அறிவிப்புகளை வைத்துப் பார்த்தார்கள். கை சுத்தம் உங்களை நோயிலிருந்து காக்கும் என்றது ஒன்று. கை சுத்தம் நோயாளிகளைக் காக்கும் என்றது இன்னொன்று. முதல் அறிவிப்பால் பயன் இல்லை. இரண்டாவது பலகைக்குக் கீழே இருந்த பெட்டிகளில் கரைசல் அதிகமாகச் செலவானது. டாக்டருக்கும் நர்ஸுக்கும் தாங்கள் எளிதில் நோயில் விழமாட்டோம் என்ற அசட்டு நம்பிக்கை நிறைய உண்டு. நோயாளி விழுவார் என்பது தெரியும்.

அசட்டு நம்பிக்கைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் குழந்தைகள் ஐசியூ ஒன்றில் டாக்டர்களிடம், நோயாளியைத் தொடும் முன் எத்தனை தடவை கை கழுவுகிறீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 73 சதவீதம் என்று சொன்னார்கள். ஒளிந்திருந்து எண்ணியபோது 9. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. கழுவியது நினைவில் நிற்கும். கழுவாமல் விட்டது எப்படி நினைவில் நிற்கும்? லாஸ் ஏஞ்சலீஸின் சீடார்ஸ் சைனாய் மருத்துவமனையில் இந்த நினைப்பை உடைக்க முதலில் மின்னஞ்சல், சுவரொட்டி, கை கழுவியவருக்குப் பத்து டாலர் ஸ்டார்பக்ஸ் காபி அட்டை என்று எல்லாம் செய்து பார்த்தார்கள். கொஞ்சம் ஏறி நின்றுவிட்டது. பிறகு ஒரு நாள், மூத்த டாக்டர்கள் கூடிய மதிய உணவுக் கூட்டத்தில், தொற்றுத் தடுப்பு நிபுணர் ரேகா மூர்த்தி ஆளுக்கு ஒரு அகார் தட்டை, கிருமி வளர்த்துப் பார்க்கும் தட்டை, நீட்டி உள்ளங்கையைப் பதிக்கச் சொன்னார். வளர்ந்து வந்ததைப் படமெடுத்தார்கள். பாக்டீரியா கூட்டங்கள் மண்டிய ஒரு கையின் படம் மருத்துவமனைக் கணினிகள் எல்லாவற்றிலும் ஸ்கிரீன்சேவராக ஏறியது. கடைப்பிடிப்பு நூறு சதவீதத்தை நெருங்கியது. காபி அட்டையால் முடியாததை அருவருப்பு செய்தது, அதுவும் சக டாக்டரின் கையைப் பார்த்து வந்த அருவருப்பு.

இந்த எண்கள் எதையும் அப்படியே விழுங்கவும் கூடாது. யாராவது நின்று பார்க்கிறார்கள் என்றால் மனிதன் மாறிவிடுகிறான். கனடாவில் டொரோண்டோ மருத்துவமனை ஒன்றில் கரைசல் பெட்டிகளிலேயே மின்னணு எண்ணி வைத்தார்கள். கண்காணிப்பாளர் நடைவழியில் நிற்கும்போது, அவர் கண்ணுக்கு எட்டிய பெட்டிகள் மணிக்கு 3.75 தடவை அமுக்கப்பட்டன. அவர் கண்ணுக்கு எட்டாதவை 1.48 தடவை. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வரும் நாளைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல. குறிப்பேடும் கையுமாக ஆள் நிறுத்தி எடுத்த சதவீதங்கள் எல்லாம் உண்மையைவிடப் பெரியவை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனைகள் தங்கள் அறிக்கைகளில் 90, 95 என்று போட்டுக்கொள்ளும் எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இன்ஸ்பெக்டர்தான் நினைவுக்கு வருகிறார்.

லாங் ஐலண்ட் கேமரா இந்தக் குறையைத்தான் தலைகீழாகப் பயன்படுத்தியது. இன்ஸ்பெக்டர் வந்தால்தான் ஒழுங்கு என்றால், இன்ஸ்பெக்டர் போகாமலே இருந்தால்? 16 வாரம் கழித்து முடிவுகளை ஊழியர்களுக்குக் காட்டத் தொடங்கினார்கள். இந்த ஷிப்டில் எத்தனை சதவீதம் என்பதை நடைவழியில் ஒரு மின்பலகை உடனுக்குடன் காட்டியது. தனி ஆள் பெயர் இல்லை, மொத்தக் குழுவின் எண் மட்டும். அடுத்த 16 வாரங்களில் கடைப்பிடிப்பு 6.5-லிருந்து 81.6 சதவீதத்துக்குத் தாவியது. அதன் பிறகு 75 வாரங்களுக்கு 87.9-ல் நின்றது. இப்படி ஒரு தாவல் இந்தத் துறையில் அபூர்வம்.

எனக்கு இதில் ஒரு நெருடல் இருக்கிறது. அந்தக் கேமரா ஏற்பாடு நுழைவதையும் வெளியே வருவதையும்தான் கணக்கில் எடுக்கிறது. ஐந்து தருணங்களில் இரண்டாவதும் மூன்றாவதும் அறைக்குள், திரைக்குப் பின்னால், நோயாளியின் உடம்பின் மேல் நடப்பவை. யூரின் பேக்கைத் தொட்ட கை சென்ட்ரல் லைனைத் தொடும் அந்தக் கணத்தைக் கேமரா காண்பதில்லை. நோயாளியின் மானத்தைக் காக்க வேண்டியிருப்பதால் காணவும் கூடாது. நுழையும்போது தேய்த்து, வெளியே வரும்போது தேய்த்து, உள்ளே எல்லாவற்றையும் விட்டுவிட்ட ஒருவருக்கு நூற்றுக்கு நூறு கிடைக்கும். எதை அளக்கிறோமோ அதைத்தான் மனிதர்கள் செய்வார்கள். அந்த ஆய்வு கைகளை எண்ணியது. நோயாளிகளின் ரத்தத்தில் புகுந்த கிருமிகளை எண்ணவில்லை.

கண்காணிப்பை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் விடை இருக்கிறது, அது இனிமையாக இல்லை. அமெரிக்காவின் பல மருத்துவமனைகளில் ஊழியர் அணியும் அடையாள அட்டையிலேயே உணரி வைத்து ஆள்வாரியாகக் கண்காணித்த ஓர் ஆய்வில், கருவி இருந்தவரை கடைப்பிடிப்பு ஏறியது. கருவியை நிறுத்தியதும் விழுந்தது. விழுந்தது எங்கே போய் நின்றது தெரியுமா? கண்காணிப்பு தொடங்குவதற்கு முன்பிருந்த அளவுக்கும் கீழே. வெளியிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், உள்ளே இருந்த கொஞ்சநஞ்சப் பழக்கமும் தேய்ந்துபோயிருக்கிறது.

கேமராவைவிட வலுவான கண் ஒன்று ஏற்கெனவே ஒவ்வொரு ஐசியூவிலும் இருக்கிறது: தலைமை டாக்டரான சீஃப். அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, அறையில் இருக்கும் மூத்தவர் கை சுத்தம் செய்யாவிட்டால் கூட இருப்பவர்களும் செய்யாமல் விடும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்று காட்டியது. காலை ரவுண்ட்ஸில் சீஃப் நேராகப் போய் நோயாளியின் வயிற்றில் கை வைத்தால், பின்னால் வரும் எட்டுப் பேரும் அப்படியே வைப்பார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருத்தியான சிஸ்டர், “சார், கை...” என்று நீட்ட முடியுமா? நம் மருத்துவமனைகளில் அந்த வாக்கியம் தொண்டையைத் தாண்டி வருவதில்லை.

மிச்சிகன் மாநிலத்தில் பீட்டர் புரோனோவோஸ்ட் இந்த இடத்தில்தான் கை வைத்தார். சென்ட்ரல் லைன் போடும்போது செய்ய வேண்டியவை ஐந்தே ஐந்து: கை கழுவுவது, உடலை முழுவதும் மூடும் விரிப்பும் மேலங்கியும், தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடைப்பது, முடிந்தவரை தொடையில் போடாமல் இருப்பது, தேவை முடிந்த லைனை உடனே எடுத்துவிடுவது. புதிதாக ஒன்றும் இல்லை. புதிது எது என்றால், ஒரு படியை டாக்டர் தாண்டினால் அங்கேயே நிறுத்தச் சொல்ல நர்ஸுக்கு அதிகாரம் கொடுத்து, நிர்வாகம் அவருக்குப் பின்னால் நின்றது. 103 ஐசியூக்களிலிருந்து விவரம் சேர்த்தார்கள். லைன் போட்டிருந்த ஒவ்வோர் ஆயிரம் நாளுக்கும் சராசரியாக 7.7 ஆக இருந்த ரத்தத் தொற்று ஒன்றரை ஆண்டுக்குள் 1.4 ஆகக் குறைந்தது. 2006-ல் வெளியான இந்த முடிவில் கை கழுவுவதன் பங்கு மட்டும் எவ்வளவு என்று தனியே பிரிக்க முடியாது. ஆனால் வாய் திறக்க அனுமதி கிடைத்த ஒரு நர்ஸ் எவ்வளவு செய்ய முடியும் என்பது தெரிகிறது.

அந்த நர்ஸும் களைப்பார். 35 அமெரிக்க மருத்துவமனைகளில் 4,157 ஊழியர்களைத் தொடர்ந்து அளந்த ஆய்வு 2015-ல் வந்தது. 12 மணி நேர ஷிப்டின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே கை சுத்தம் சராசரியாக 8.7 சதவீதப் புள்ளிகள் சரிந்திருந்தது. வேலைப் பளு கூடிய நாள்களில் சரிவு இன்னும் செங்குத்து. முதல் நோயாளிக்குச் சுத்தமான கையும் கடைசி நோயாளிக்கு அரைகுறைக் கையும் கிடைக்கின்றன. நடுவில் அறிவோ அக்கறையோ குறைந்துவிடவில்லை. ஒரு ஷிப்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் நடுவே ஓய்வு அதிகம் கிடைத்தவர்களின் கைகள் திரும்பி வரும்போது மேலும் ஒழுங்காக இருந்தன என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. கேமரா வாங்கக் கோப்பு அனுப்பும் நிர்வாகி, அதற்கு முன் இரவு டூட்டிப் பட்டியலை ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாம். ஒரு சிஸ்டருக்கு எத்தனை கட்டில் என்று அதிலேயே எழுதியிருக்கும்.